இருதயராஜின் இரண்டு நிமிடம்

புனேயை அடுத்த தேஹு ரோடில், இருதயராஜ் வீட்டில் தேதி போடாத பொருள் கிடையாது. குக்கர் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு ஒரு தேதி, தண்ணீர் வடிகட்டிக்கு ஒரு தேதி, பல் துலக்கும் பிரஷ்ஷின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு தேதி. தலையணை உறையைக் கழற்றினால் ஓரத்தில் வாங்கிய மாதமும் வருஷமும் இருக்கும். டிப்போ என்கிற ராணுவக் கிடங்கில் முப்பத்தோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர் வேலை. அங்கே ஒவ்வொரு பொருளின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். கடைசியாக எப்போது பார்த்தார்கள், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த அட்டைகளோடு பழகிப் பழகி, அட்டை இல்லாத எதையும் நம்ப முடியாத மனிதராகிவிட்டார்.

மனைவி சாந்தகுமாரி நேர் எதிர். வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். தையல் மெஷின் கிறீச்சென்றால் எண்ணெய் விடுவார், இல்லாவிட்டால் விடமாட்டார். "சத்தம் வந்தா பாத்துக்கலாம்" என்பதுதான் அவர் கொள்கை. மெஷினுக்கும் அதுதான், கணவருக்கும் அதுதான்.

இப்படிப்பட்ட இருதயராஜ் டர்போ கார் வாங்கியது ஆசைப்பட்டு அல்ல. போன வருஷம் பாட்வாவுக்கு வாசலில் வெள்ளைக் கார் நிற்கும் என்று சாந்தகுமாரி சோலாப்பூரில் இருக்கும் தங்கையிடம் சொல்லிவிட்டார். மராட்டி வருஷப் பிறப்பான பாட்வா அன்று புனேயில் பாதி ஊர் வண்டி எடுக்கும். ஷோரூமுக்குப் போனால், சாதா எஞ்சின் வைத்த வெள்ளை வண்டிக்குப் பதினாலு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

"ஒரே ஒரு வெள்ளை இருக்கு சார். யாரோ கேன்சல் பண்ணினது. ஆனா டர்போ" என்று விற்பனைக்காரர் இந்தியில் சொன்னார்.

டர்போ என்றால் என்ன என்று இருதயராஜ் கேட்டார். "பவர் சார்!" என்று சொல்லி, விமானம் கிளம்புவதுபோல் உள்ளங்கையைச் சரேலென்று மேலே கொண்டுபோய்க் காட்டினார் விற்பனைக்காரர்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்?" என்பது இருதயராஜின் அடுத்த கேள்வி. விற்பனைக்காரர் அதற்கும் அதே உள்ளங்கையை மேலே கொண்டுபோனார். சாந்தகுமாரி வெள்ளை நிறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வீட்டுக்கு வந்தது.

வண்டியோடு ஒரு புத்தகமும் வந்தது. ஆங்கிலத்தில், நானூறு பக்கம். கார் வாங்குகிறவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறையோடு டேஷ்போர்டுக்குள் தள்ளி, விற்கும் நாளில்தான் மறுபடி வெளியே எடுப்பார்கள். இருதயராஜ் தினமும் காலை டீயோடு உட்கார்ந்து, பதினேழு நாளில் அதை முழுதாகப் படித்து முடித்தார். குழந்தையை முன் சீட்டில் உட்கார வைப்பது பற்றிய பகுதியைக்கூட விடவில்லை. அவர் மகனுக்கு இருபத்தைந்து வயது, பெங்களூரில் வேலை.

புகையோடு வெளியே போகும் காற்றின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது, அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது, அதுதான் டர்போ என்று படித்துத் தெரிந்துகொண்டார். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுமாம். அத்தனை சுற்றையும் தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். இதைப் படித்த அன்று அவருக்கு டீ இறங்கவில்லை.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அல்லது வருஷத்துக்கு ஒரு முறை, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். கடின உபயோகம் என்றால் அதில் பாதி. எது கடின உபயோகம் என்று நாலு வரி போட்டிருந்தது. பென்சிலோடு அடுப்படிக்குப் போனார்.

"சாந்தா, இதக் கேளு. குறைஞ்ச தூரமே ஓட்டறது. டிப்போ நமக்கு ரெண்டரை கிலோமீட்டர். டிக். ரெண்டாவது, தூசி."

"தளேகாவ் ரோட்ல போயிட்டு வந்தா மூஞ்சிய மூணு தடவ கழுவறேன். போடுங்க டிக்கு."

"நின்னு நின்னு போற டிராஃபிக்."

"சிஞ்ச்வட் மார்க்கெட்."

"டிக். நாலாவது, வண்டிய நிறுத்தி வச்சிட்டு எஞ்சின சும்மா ஓடவிடறது. சே, அந்தப் பழக்கம் நமக்கு கிடையாது."

"மூணே போதும். கடினம்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சாந்தகுமாரி பருப்பைக் கடையப் போனார். ஆறு மாதத்துக்கு ஒரு ஆயில் என்று முடிவாயிற்று. வண்டியின் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கியது.

அதோடு நின்றிருக்கும். அலுவலகத்தில் பக்கத்து மேஜை அப்துல் காதர் சும்மா இருந்திருந்தால். அவரிடம் இருப்பது பழைய ஸ்கூட்டர்தான் என்றாலும், உலகத்தில் உள்ள எல்லா வண்டியைப் பற்றியும் அவரிடம் ஒரு மச்சான் கதை உண்டு.

"ராஜண்ணே, டர்போவா எடுத்தீங்க? என் மச்சான் ஒருத்தன் ஹைவேல பறந்து வருவான், வந்த வேகத்துல டக்குனு ஆஃப் பண்ணுவான். உள்ள ஆயில் ஓட்டம் நின்னுச்சா, இருந்த ஆயில் சூட்டுல வெந்து கரியாப் போச்சு. டர்போ கதம்."

இருதயராஜ் வீட்டுக்கு ஓடிப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. அதிவேகமாக ஓட்டிய பிறகோ, நீண்ட மேடு ஏறிய பிறகோ, நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிடவும். எது அதிவேகம், எது நீண்ட மேடு என்று புத்தகத்தில் அளவு இல்லை. டிப்போவிலிருந்து வரும் வழியில் ரயில்வே மேம்பாலம் ஒன்று இருக்கிறது. மேம்பாலம் என்றால் மேடுதானே? ஒரு நிமிடம் என்று போட்டிருந்ததைப் பாதுகாப்புக்காக இரண்டாக்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு வண்டி வந்து நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இருதயராஜ் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, தலையைக் குனிந்து, மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

வண்டி நிற்கும் இடம் முதல் மாடி ஜன்னல் ஒன்றுக்கு நேர் கீழே. ஜன்னல் ஜெனிபர் டீச்சருடையது. பங்குக் கோவிலின் தமிழ் அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. பதினைந்து குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். மேலிருந்து பார்க்கும் டீச்சருக்குக் கடிகாரம் தெரியவில்லை. வேலை முடிந்து வந்த ஒரு மனிதர் வீட்டுக்குள் போகாமல், தலை கவிழ்ந்து, தினமும், காருக்குள். வேறென்ன நினைக்க முடியும்?

முதல் வாரம் டீச்சர், "பாவம், களைப்பு" என்றார். இரண்டாவது வாரம், "வீட்டுக்குள்ள போக பயப்படறாரு" என்றார். மூன்றாவது வாரத்தில் சாந்தகுமாரியிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் அளவு கொடுக்கும்போதே அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, "அண்ணன் மேல ரொம்ப கோவப்படாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டாள். நாலாவது வாரம் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

"அப்பா, எல்லாம் ஓகேவா? தினம் கார்ல உக்காந்து அழறீங்களாமே?"

"அழலடா. ஆற விடறேன்."

"மனசையா?"

"டர்போவ."

மகன் உடனே, "அம்மாகிட்ட குடுங்க" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை அன்பியம் அவர்கள் வீட்டுக்கே வந்தது. முறைப்படி வேறொரு வீட்டுக்குப் போக வேண்டிய வாரம். ஏதோ மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சாந்தகுமாரி அவசரமாகச் சேமியா பாயசம் வைத்தார். பன்னிரண்டு பேர் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஜெனிபர் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தக் குடும்பத்துல கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசும் வரத்தைத் தாரும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். "இவர் தன் சொந்த வீட்டுக்குள் அச்சமில்லாமல் நுழையும் தைரியத்தைத் தாரும்" என்றதும் சாந்தகுமாரிக்குக் கண் திறந்துவிட்டது.

"டீச்சர், இன்னா இது? யாருக்கு பயம்?"

டீச்சர் மிகவும் மென்மையாக விஷயத்தைச் சொன்னார். ஜன்னல், கார், கவிழ்ந்த தலை. சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இருதயராஜ் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பன்னிரண்டு பேர் அவர் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தார்கள். விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார்.

"இத இப்ப ஆஃப் பண்றேன். உடனே நிக்குதா பாருங்க."

சுவிட்சைத் தட்டினார். பன்னிரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியது. மெதுவாயிற்று. இன்னும் சுற்றியது. மே மாதப் புழுக்கத்தில் நெற்றிகளில் வேர்வை துளிர்த்தது. முக்கால் நிமிடம் கழித்து மூன்று இறக்கைகளும் நின்றபோது ஜெனிபர் டீச்சர் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது நிமிஷத்துக்கு முந்நூறு சுத்து. டர்போ ஒரு லட்சம்" என்றார் இருதயராஜ். "எஞ்சின் நின்னா ஆயில் வராது. அது மட்டும் ஆயில் இல்லாம சுத்தும். அதனால ரெண்டு நிமிஷம் உக்காந்து அடங்க விடறேன். ரெண்டே நிமிஷம்."

"ஒரு லட்சமா!" என்றது ஒரு குரல். "ப்ரதர், ஃபேனப் போடுங்க" என்றது இன்னொன்று.

அன்று இரவே விஷயம் மாறிப் பரவியது. டீச்சரின் கணவர் மறுநாள் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டருக்கு டர்போ கிடையாது என்று இருதயராஜ் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும், எதுக்கும் நல்லதுதான்" என்றார் அவர்.

செப்டம்பர் கடைசியில் அட்டையில் எழுதிய நாள் வந்தது. இருதயராஜ் வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். கவுண்டரில் இருந்த பெண் ராஜஸ்ரீ, அவர் பெயரைக் கணினியில் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், நீங்க தமிழா? நானும் தமிழ்தான். இங்கதான், கட்கில பொறந்தேன். மத்லப், வீட்ல பேசுவோம். படிக்க வராது." பிறகு வண்டியை எட்டிப் பார்த்தாள். "இவளுக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

இருதயராஜ் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "எவளுக்கு?"

"வண்டிக்கு."

இந்தியில் வண்டி பெண்பால். ராஜஸ்ரீயின் தமிழிலும் அது பெண்ணாகவே ஓடிக்கொண்டிருந்தது. "ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கா. இப்பவே ஆயில் ஏன் மாத்தணும் அங்கிள்? அவ சின்னப் பொண்ணு."

இருதயராஜ் புத்தகத்தை எடுத்து, அட்டைத் துண்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்து நீட்டினார். ராஜஸ்ரீ உதடு அசையப் படித்தாள். "அரே, இது ட்ரெய்னிங்ல சொன்னாங்க! ஆனா இதுவரைக்கும் ஒரு கஸ்டமரும் கேட்டதில்ல. நீங்கதான் ஃபர்ஸ்ட்." இருதயராஜுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முழு சிந்தெடிக் ஆயில்தானே, புத்தகத்தில் உள்ள கிரேடுதானே, ஏர் ஃபில்டரைத் தட்டுவீர்களா மாற்றுவீர்களா, கூலன்ட் அளவு எஞ்சின் ஆறிய பிறகுதானே பார்ப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். அந்த உற்சாகத்தில் தன் இரண்டு நிமிடத்தையும் சொல்லிவிட்டார்.

ராஜஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டரை கிலோமீட்டருக்கா? அவளுக்கு இன்னும் சூடே ஏறலையே அங்கிள்! காட் ஏறினா, அதான் மலை ரோடு, இல்ல ஹைவேல ரொம்ப ஸ்பீடா வந்தா, அப்ப ஒரு நிமிஷம். டெய்லி சாயங்காலம் தேவையே இல்ல. சும்மா ஓடவிட்டு அவளோட உக்காந்தா அதுதான் கெட்டது. நீங்களே பாருங்க, நாலாவது லைன்."

இருதயராஜ் பார்த்தார். நிறுத்தி வைத்து எஞ்சினைச் சும்மா ஓடவிடுதல். அந்தப் பழக்கம் நமக்குக் கிடையாது என்று தானே சொன்ன வரி. டிக் போடாமல் விட்டிருந்த கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டார். ஆறு மாதமாக வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கஷ்டப்படுத்தியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அணைத்துவிட்டு நேராக மாடி ஏறினார். கதவைத் திறந்தால் முன்னறையில் மூன்று பெண்கள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குக்கர் கத்தியது. டிவி அதைவிடச் சத்தமாகக் கத்தியது. "சிலிண்டர் புக் பண்ணீங்களா? என் கண்ணாடியப் பாத்தீங்களா? டீச்சர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க, நீங்க ஏன் எடுக்கல? அந்த நீல நூல்கண்டு எங்க?" என்று சாந்தகுமாரி நாலு கேள்வியை ஒரே மூச்சில் கேட்டார். செருப்பைக் கழற்றாமல் இருதயராஜ் அப்படியே நின்றார். அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் எதுவும் எங்கே என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு வண்டி வந்து நின்றது. எஞ்சின் ஓடியது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணைத்துவிட்டு உட்காரலாம்தான். ஆனால் எஞ்சின் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். அது நின்றால் காலடிச் சத்தம் வர வேண்டும் என்று சாந்தகுமாரிக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பொருளைக்கூடத் தவறாகக் கையாளாத மனிதர், தெரிந்தே தினமும் இரண்டு நிமிடம் தவறு செய்தார். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

இப்படியே மார்ச் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, தையல் மெஷின் மேல் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. சாந்தகுமாரி எடுத்தார்.

"ஹலோ, இருதயராஜ் அங்கிள் இருக்காரா?"

"குளிக்கறாரு. நீ யாரும்மா?"

"நான் ராஜஸ்ரீ. ஆன்ட்டியா? நமஸ்தே ஆன்ட்டி. ஒண்ணுமில்ல, அவளப் பாத்து ஆறு மாசம் ஆயிடுச்சு. இந்த வாரம் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

சாந்தகுமாரியின் கையில் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. "எவள?"

"அவதான் ஆன்ட்டி. வெள்ளையா இருப்பாளே."

"வெள்ளையா."

"ஆமா. அங்கிள் அவ மேல ரொம்ப ஆசையா இருக்கார். நல்லா பாத்துக்கறார். ஆனா டெய்லி சாயங்காலம் ரெண்டு நிமிஷம் அவளோட சும்மா உக்காறாரே, அது வேணாம்னு போன தடவையே சொன்னேன். இன்னும் உக்காறாரா?"

ரெண்டு நிமிஷம் என்ற வார்த்தையில்தான் சாந்தகுமாரிக்கு மூச்சு திரும்பி வந்தது. "ஏம்மா, வண்டியவா சொல்ற? சர்வீஸ்லேர்ந்தா பேசற?"

"ஆமா ஆன்ட்டி. வேற யாரு?"

சாந்தகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "போன தடவையே சொன்னியா? வேணாம்னு? போன தடவன்னா எப்ப?"

"செப்டம்பர்ல."

இருதயராஜ் துண்டோடு வெளியே வந்தபோது மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். போன் கையில் இருந்தது.

"செப்டம்பர்லேர்ந்து ஆறு மாசம். நூத்தி எம்பது நாள். ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம். ஆறு மணி நேரம் எனக்குத் தெரியாம ஒளிஞ்சிக்கினு இருந்திருக்கீங்க."

இருதயராஜ் யோசித்தார். "ஞாயித்துக்கிழமய கழிக்கணும் சாந்தா. டிப்போ லீவு" என்றார் நேர்மையாக.

அது உதவவில்லை. சாந்தகுமாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "பயமா உங்களுக்கு? டீச்சர் சொன்னது நெஜமா?"

"சே! பயமெல்லாம் இல்ல."

"அப்ப உக்காந்து இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. முன்னாடி இருக்கற செவுத்தப் பாப்பேன்."

"ஆறு மணி நேரம் செவுத்தப் பாத்தீங்களா?"

"அதுல ஒரு வெரிசல் இருக்கு. மழைக்கு அப்புறம் கொஞ்சம் நீண்டிருக்கு."

சாந்தகுமாரிக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் வந்தது கோபம் இல்லை, பொறாமை. தானும் எதையாவது சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது கடைசியாக ஒரு மத்தியானம் உட்கார்ந்ததுதான் நினைவுக்கு வந்தது.

"எனக்கும் ஆறு மணி நேரம் குடுங்க" என்றார். "ஞாயித்துக்கிழமயக் கழிக்காம. சிங்ஹகட் மலைக்கோட்டைக்குப் போவணும். மேல போய்ச் சேந்த பிறகுதான் ஆறு மணி நேரம் ஆரம்பம். யாரும் என்கிட்ட எதுவும் எங்கன்னு கேக்கக் கூடாது."

மலை ஏறுவது என்றால் முதலில் சர்வீஸ் என்று இருதயராஜ் சொல்லிவிட்டார். ராஜஸ்ரீயிடம் ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி, கூலன்ட்டும் டயர் காற்றும் பார்த்து, ஏப்ரல் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். வெயில் ஏழு மணிக்கே கொளுத்தியது. கடக்வாஸ்லா அணைக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். இருதயராஜ் இரண்டு டம்ளர் கரும்புச் சாறு குடித்தார். மோர்க்காரி கூப்பிட்டாள் என்று ஒரு மோர். அது குளிர்ச்சி, தொண்டைக்கு ஆகாது என்று மேலே ஒரு டீ.

கோட்டைக்கு ஏறும் பாதையில் நின்றது வரிசை. முன்னால் ஒரு வேன், அதன் முன்னால் நூறு வண்டி. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக, வளைவுக்கு வளைவு நின்று, ஐம்பது நிமிடம் ஏறினார்கள். மூன்றாவது வளைவில் கரும்புச் சாறு தன் இருப்பைத் தெரிவித்தது. ஆறாவது வளைவில் மோரும் சேர்ந்துகொண்டது. இருதயராஜ் பேச்சை நிறுத்தினார். கடைசி மேட்டில் அவர் முகம் ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பார்க்கிங்கில் ஒரு சரிவான இடம் கிடைத்தது. கைப்பிரேக்கை இழுத்த கையாலேயே எஞ்சினை நிறுத்தும் பொத்தானுக்குப் போனார். சாந்தகுமாரி அந்தக் கையைப் பிடித்தார்.

"மேடு ஏறியிருக்கோம்."

"சாந்தா, அவசரம்."

"ராஜஸ்ரீ இன்னா சொல்லுச்சு? காட் ஏறினா உக்காரணும்னு சொல்லுச்சா இல்லியா? இத்தினி நாள் தேவையில்லாம உக்காந்தீங்க. இன்னைக்குத்தான் தேவ."

"ஒரு நிமிஷம்னுதான் புத்தகத்துல இருக்கு!"

"அன்பியத்துல ரெண்டுன்னு சொன்னீங்க. பன்னெண்டு பேரு சாட்சி." போனில் இரண்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்தார்.

"நீ வண்டியப் பாத்துக்கோ. நான் ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாது. சரிவு. உருண்டுச்சுன்னா நானும் உருளணும்."

கழிப்பறை பார்க்கிங்கின் அந்தக் கோடியில், நீலத் தகரக் கதவோடு, தெளிவாகத் தெரிந்தது. இருதயராஜ் அதையே பார்த்தார். முழங்கால்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. பார்க்கிங் ஆள் விசிலோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். என்ன ஆயிற்று, ஏன் அணைக்கவில்லை என்று மராட்டியில் கேட்டார்.

சாந்தகுமாரி கண்ணாடியை இறக்கி, தனக்குத் தெரிந்த மராட்டியில், "டர்போ ஆறிக்கிட்டிருக்கு" என்றார்.

பார்க்கிங் ஆள் குனிந்து உள்ளே பார்த்தார். சிவந்த முகத்தோடு, கண் பிதுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த இருதயராஜைப் பார்த்தார். "ஆறட்டும், ஆறட்டும்" என்று சொல்லி இரண்டடி பின்வாங்கினார்.

"எவ்வளவு இருக்கு?"

"அம்பத்தி அஞ்சு செகண்டு."

"இப்ப?"

"அம்பத்தி மூணு."

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. போன் அடித்ததும் பொத்தானை அழுத்தினார், கதவைத் திறந்தார், ஐம்பத்தைந்து வயது மனிதர் ஓடக்கூடிய வேகத்தை எல்லாம் ஓடினார். பார்க்கிங் ஆள் வழியில் நின்ற ஒரு கல்லூரிக் கூட்டத்தை விசிலடித்து ஒதுக்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது சாந்தகுமாரி ஓலைக் கொட்டகைக்குக் கீழே பாயில் உட்கார்ந்து பித்லா பாக்ரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடலைமாவுக் கூட்டும், கனமான சோள ரொட்டியும், பக்கத்தில் நசுக்கிய வெங்காயமும்.

"ஆறிடுச்சா?" என்றார் நிமிராமல்.

"ஆறிடுச்சு" என்றார் இருதயராஜ். சாந்தகுமாரி அவருக்கும் ஒரு தட்டு சொல்லியிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சாந்தகுமாரி மணி கேட்டார். பதினொன்று பத்து. அஞ்சரை மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஒரு மரத்தடிக்குப் போய்ப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். பார்ப்பதற்கு மலையும் ஏரியும் எவ்வளவோ இருந்தன. ஐந்து நிமிடத்தில் குறட்டை வந்தது.

இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் கட்டி மனைவியின் தலைமாட்டில் வைத்திருந்தார். அதை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு செம்பட்டை நாய் வந்தது. செருப்பைக் கழற்றிக் காட்டினார், சத்தம் போடாமல். அது நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.